நாற்பத்தொன்றாம் பத்தி

முப்பத்து நான்காம் பத்தியின் முடிவில் ஷெர்லின் ஒரு மடக்குத் தண்ணீர் குடித்தாள். அதையும் சரியான இடத்தில்தான் குடித்தாள். பக்கத்து நாற்காலியில் சாரநாதன் தன் பிரதியின்மேல் பென்சில் நுனியை வரிக்கு வரி நகர்த்திக்கொண்டு, அவள் எங்கேயாவது தப்பான இடத்தில் மூச்சு வாங்குவாளா என்று காலையிலிருந்து காத்திருந்தார். வாங்கவில்லை. இருபத்திரண்டு வருடங்களாக ஜெனீவாவின் இந்த வர்த்தக வழக்கு மண்டபத்தில் அரசாங்கத்தின் சார்பில் பேசியவர் அவர். இன்றுதான் முதல் தடவையாக, குழுத் தலைவர் என்ற பெயர்ப்பலகைக்குப் பின்னால் உட்கார்ந்தபடி, தன் குழுவில் ஒருத்தி பேசுவதைக் கேட்கிறார். பெயர்ப்பலகை பெரியது. பின்னால் இருப்பவருக்கு வேலை ஒன்றும் இல்லை என்பதை மறைக்கிற அளவுக்குப் பெரியது. வழக்கு குடைக்கம்பியைப் பற்றியது. சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளலாம், சாரநாதன் சிரிப்பதை எப்போதோ நிறுத்திவிட்டார். ஒரு நாட்டுக்காரர்கள் தங்கள் ஊரில் விற்கிற விலைக்கும் கீழே நம் ஊரில் குடைக்கம்பியைக் கொண்டுவந்து கொட்டினார்கள்; நம் ஆலைகள் படுத்துவிடாமலிருக்க அரசாங்கம் அதன்மேல் கூடுதல் வரி போட்டது; அந்த வரி செல்லாது என்று அவர்கள் இங்கே வந்து வழக்காடுகிறார்கள். அவ்வளவுதான். இந்த அவ்வளவுக்கு இரண்டு பக்கமும் சேர்த்துப் பதினேழு வக்கீல்கள், மூன்று நடுவர்கள், பின்வரிசையில் உட்கார்ந்து கேட்க உரிமை பெற்ற ஒன்பது நாடுகள். வெளியே மழை. வந்த அத்தனை பேரும் குடையை வாசல் தொட்டியில் செருகிவிட்டுத்தான் உள்ளே வந்தார்கள். அவற்றில் எது எந்த நாட்டுக் கம்பி என்று குனிந்து பார்த்தவர் சாரநாதன் ஒருவர்தான். பார்த்துவிட்டு, இதைச் சொன்னால் ரசிக்கக்கூடியவள் ஷெர்லின் மட்டுமே என்று தோன்றியதும், யாரிடமும் சொல்லாமல் வந்து உட்கார்ந்துவிட்டார்.

காலையில் அவளுடைய முதல் பதிலைக் கேட்ட தலைமை நடுவர், நரைத்த தென்னமெரிக்க அம்மாள், மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, "மிகத் தெளிவாக இருந்தது" என்றார். தெளிவு. இருபத்திரண்டு வருடத்தில் சாரநாதனுக்கு எந்த நடுவரும் அந்தச் சொல்லைத் தந்ததில்லை. ஒரே ஒருவர், ஒரே ஒரு தடவை, "விரிவாக இருந்தது" என்றார். இந்த ஊர் மரியாதையில் விரிவு என்றால் நீளம், நீளம் என்றால் காபிக்கு நேரமாகிவிட்டது. அதைக்கூட அவர் வீட்டில் போய்ப் பெருமையாகத்தான் சொன்னார். காபி இடைவேளையில் எதிர்த்தரப்பின் மூத்த வக்கீல் லெம்பெர்க், இதே மண்டபத்தில் அவரோடு ஆறு வழக்குகளில் மோதியவர், நேராக இவர்கள் மேசைக்கு வந்தார். கை குலுக்க வசதியாகச் சாரநாதன் கோப்பையை இடது கைக்கு மாற்றிக்கொண்டார். லெம்பெர்க் அவரைச் சுற்றிக்கொண்டு போய் ஷெர்லினிடம் தன் முகவரி அட்டையை நீட்டினார். "உங்களுக்குத்தான் முன்பே கொடுத்திருக்கிறேனே" என்று திரும்பிச் சிரித்தார். வாஸ்தவம். முதல் வழக்கில் கொடுத்தது. அதிலிருக்கிற எண்ணில் இப்போது மணி அடிப்பதில்லை. மதியம் தில்லியிலிருந்து வைதேகி கூப்பிட்டாள். "சாப்டேளா? அங்க மழையா? சரி, ஷெர்லின் எப்படிப் பேசறா?" "நான் எப்படி இருக்கேன்னு கேக்கலியே நீ." "நீங்க எப்படி இருப்பேள்னு எனக்குத் தெரியாதாக்கும். அது பாவம், முதல் தடவையோன்னோ?" கட்டிய மனைவி. முப்பது வருடம். இவருடைய முதல் தடவைக்கு அவள் கேட்டது, சாக்லேட் எத்தனை பெட்டி வாங்கினீர்கள் என்று. இதோ வலது பக்கத்தில் சாய்ந்திருக்கும் இணைச் செயலர் திவேதிதான் எல்லாவற்றுக்கும் மூலம். போன மாதம்வரை மீன்வளம் பார்த்துக்கொண்டிருந்தவர், விமானத்தில் ஏறும்போது முதுகில் தட்டி, "சாரநாதன்ஜி, இந்தத் தடவை முழுக்க அந்தப் பெண்ணே பேசட்டும், நீங்கள் வழிகாட்டுங்கள்" என்றார். வாயை எடுத்துக்கொண்டு அரசாங்கம் பதிலுக்குக் கொடுக்கிற பொருளுக்கு வழிகாட்டுதல் என்று பெயர்.

அவர்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. ஆலைகளின் உண்மை எண்களை வெளியே சொல்லக்கூடாது, போக்கை மட்டும் சொல்லலாம். ஆகவே முதல் வருடத்தை நூறு என்று வைத்துக்கொண்டு அடுத்த வருடங்களை அதற்கு ஒப்பாகச் சொல்வார்கள். லாபம் நூறு, எண்பத்தொன்று, நாற்பத்தாறு. எவ்வளவு ரூபாய் என்று யாருக்கும் தெரியாது, சரிகிறது என்பது மட்டும் எல்லோருக்கும் தெரியும். நல்ல ஏற்பாடு. ஒன்பது வருடத்துக்கு முன் தேர்வு அறையில் இந்த மார்த்தாண்டத்துக்காரிக்கு மற்ற இரண்டு தேர்வாளர்களையும் எதிர்த்து முதல் மதிப்பெண் போட்டாரே, அந்த வருடத்தைத் தனக்கு நூறு என்று வைத்தால் இன்று தன் எண் என்ன? தலைமை நடுவர் தன் பக்கம் திரும்பிய தடவைகள், திவேதி தன் பெயரைச் சொன்ன தடவைகள், எல்லாம் கூட்டிக் கழித்து முப்பத்தெட்டு என்று வந்தது. முப்பத்தெட்டு வந்த தொழிலுக்குப் பாதகம் நேர்ந்திருக்கிறது என்று அவரே பத்து வழக்குகளில் வாதாடியிருக்கிறார். பாதகம் நேர்ந்தால் மட்டும் போதாது, அது அந்தச் சரக்கால்தான் நேர்ந்தது என்று காட்ட வேண்டும், வேறு காரணம் இருந்தால் பிரித்து எடுத்துவிட வேண்டும், அதுதான் சட்டம். வேறு காரணங்கள்: வயது ஐம்பத்தேழு, இடது காது, கேள்விக்குப் பதில் சொல்லுமுன் கேள்வியைத் திருத்துகிற பழக்கம். அவற்றைப் பிரித்து எடுத்தால் மிச்சம் என்ன நிற்கும் என்று யோசிக்கப் பிடிக்காமல் பென்சிலை அடுத்த வரிக்கு நகர்த்தினார். அவளை வெறுக்கவாவது முடிந்தால் மனம் ஒரு இடத்தில் உட்காரும். அதற்கும் வழி வைக்கவில்லை. நேற்று முன்தினம் அறைக் கதவைத் தட்டி, "சார், இந்த ஊர் சாப்பாடு உங்களுக்கு எறங்காதுல்லா, நெல்லிக்கா ஊறுகா. மீன் ஊறுகா வேற பாட்டில் சார், பயப்படாதீங்க" என்று நீட்டிவிட்டுப் போனாள். சாப்பிட்டார். பிரமாதமாக இருந்தது. அதுவும்.

முப்பத்தைந்தாம் பத்தியை அவள் தாண்டினாள். சாரநாதன் திருத்திய பத்தி. ஒரு காற்புள்ளி சேர்த்திருந்தார். நேற்றுச் சாயங்காலம் விடுதி அறையில் அவளுடைய உரை முழுவதையும் கணினியில் திறந்து இரண்டு மணி நேரம் துருவினார். தப்பு கிடைக்கவில்லை. ஒரு வழக்குரையில் தப்பு கிடைக்காமலிருப்பது எவ்வளவு அவமானம் என்பது திருத்துகிறவர்களுக்குத்தான் தெரியும். கடைசியில் கண்ணில் பட்டவை வண்ணங்கள். நிறுத்தி வாசிக்க வேண்டிய இடமெல்லாம் பச்சை, பெயர்கள் நீலம், நடுவர்கள் கேள்வி கேட்கக்கூடிய இடம் ரோஜா நிறம். ஹோலிக்குப் போய்விட்டு வந்த தாள் போலிருந்தது. அரசாங்கத்தின் வாதம் கறுப்பில் இருக்க வேண்டும் என்று தனக்குத் தானே தீர்ப்பளித்து, முழு உரையையும் தேர்ந்தெடுத்து, நிறம் நீக்கு என்று ஒரே அழுத்து. மூன்று பிரதி அச்செடுத்தார். ஏரிக்கரையில் நடந்துவிட்டுக் காற்றில் கலைந்த தலையோடு வந்தவளிடம் ஒன்றைக் கொடுத்தபோது புரட்டிப் பார்த்துச் சிரித்தாள். "எல்லாக் கலரையும் எடுத்துட்டீங்களா சார்! செரி, மஞ்சள் மட்டும் கெடக்குல்லா?" "அதெல்லாம் இருக்கும்" என்றார், பேனா மூடியைத் தேடிக்கொண்டே. "நீங்க பாத்தாச்சுன்னா பின்ன எனக்கென்ன கவலை" என்று லிஃப்டுக்குள் போனாள். அதெல்லாம் இருக்கும். அந்த இரண்டு சொற்களையும் அவர் மறந்தே போயிருந்தார். இப்போது, முப்பத்தாறாம் பத்தியின் நடுவில், அவள் தங்கு தடையில்லாமல், "அந்த ஆலையில் வேலை செய்பவர்கள் நானூற்றுப் பன்னிரண்டு பேர்" என்று ஆங்கிலத்தில் வாசித்ததும் பென்சில் நின்றது. அந்த எண் மஞ்சள். மஞ்சளாக இருந்தது. ஆலைக்காரர்கள் ரகசியமாகக் கொடுத்த எண்ணுக்கெல்லாம் மஞ்சள் பூசுவது அவர்கள் பிரிவின் வழக்கம். மஞ்சளைக் கண்டால் பேசுகிறவர் எண்ணைச் சொல்லாமல் 'சான்று இத்தனையில் உள்ளபடி' என்று தாண்டிப் போக வேண்டும். எதிர்த்தரப்பு வக்கீல்களாவது ரகசியம் காப்பதாகக் கையெழுத்துப் போட்டவர்கள்; பின்வரிசை ஒன்பது நாடுகளில் ஒன்றும் போடவில்லை. அவற்றில் இரண்டு குடைக்கம்பி செய்பவை.

ஆள் கணக்கு போனால் போகட்டும், அதை வைத்து யாரும் ஒன்றும் செய்ய முடியாது. சாரநாதனின் விரல் தானாகத் தாளைப் புரட்டிப் பதினோராம் பக்கத்துக்குப் போனது. நாற்பத்தொன்றாம் பத்தி. அதே ஆலையின் முதலாளி வேலப்பனின் எண் அங்கே வெள்ளைத் தாளில், மற்ற எண்களோடு எண்ணாக, ஒரு பாதுகாப்பும் இல்லாமல் நின்றது. ஒரு கிலோ கம்பி செய்ய அவருக்கு ஆகிற அடக்கம். அந்த எண்ணை இங்கே எழுதுவதற்கில்லை. இதைப் படிக்கிறவர்களில் குடைக்கம்பி வியாபாரிகள் இருக்கக்கூடும். பவானிக்குப் பக்கத்தில் வேலப்பனின் ஆலைக்குச் சாரநாதன் போனபோது மோர் கொடுத்து, தலையை ஆட்டி, ஒரு தாளும் கொடுக்காமல் வழியனுப்பினார். அடுத்த மாதம் ஷெர்லின் போனாள். மூன்று நாள் அங்கேயே கிடந்து கணக்கோடு வந்தாள். அந்த ஆள் தொலைபேசியில் சொன்னது இவர் காதுபடத்தான்: "அம்மிணி, உங்க மூஞ்சிக்காவத்தான் குடுத்தனுங்க. இந்த நம்பரு வெளிய போச்சுன்னா அவனுக அதுக்கு எட்டணா கொறச்சு எறக்குவானுக. நாம் பட்டறயப் பூட்டிப்போட்டு ஆடு மேய்க்கத்தான் போகோணும்." ஷெர்லின், "ஒரு ஆள் காதுக்கும் போவாது அண்ணாச்சி" என்றாள். அண்ணாச்சியாம். அந்த எண்ணை அவள் வாயாலேயே, ஒன்பது நாட்டுக்கும் கேட்க, தெளிவாக. சாரநாதனுக்குள் ஏதோ ஒன்று, மிகச் சின்னது, மதியச் சாப்பாட்டு மணி கேட்ட பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி எழுந்து நின்றது. அவர் அதைப் பார்த்தார். உட்கார் என்றார். அது உட்காரவில்லை. தப்பே செய்யாதவள் தப்பு செய்யப் போகிறாள். லெம்பெர்க்கின் பேனா ஓடும், திவேதி விழித்துக்கொள்வார், அடுத்த வழக்கில் சாரநாதன்ஜி நீங்களே. யாருக்கும் தெரியப் போவதில்லை, நிறம் எடுத்தவன் பெயர் தாளில் இல்லை, சொன்ன வாய்தான் சொன்ன வாய். நான் ஒன்றும் செய்ய வேண்டியதுகூட இல்லை, சும்மா இருந்தால் போதும், வழிகாட்டினால் போதும். பிறகு, அவளுக்கே தெரியுமே, அவள் கொண்டுவந்த எண் அல்லவா, பார்த்ததும் நிறுத்திவிடுவாள், நான் எச்சரித்தால்தான் அவமானம். பிறகு, நானூற்றுப் பன்னிரண்டும் அவள் கொண்டுவந்த எண்தானே, நிறுத்தினாளா? உரையில் இருநூறு எண்கள். எதை எண்ணி வைத்துக்கொள்வாள். மஞ்சளை நம்பி ஓடுகிறாள். மஞ்சள் இருக்கும் என்று சொன்னவரை நம்பி. முப்பத்தெட்டாம் பத்தி. நானூற்றுப் பன்னிரண்டு பேர் என்பது இதுவரை வெறும் எண்ணாகத்தான் இருந்தது. இப்போது அதில் முகங்கள் தெரியத் தொடங்கின. மோர் கொண்டுவந்து வைத்த அந்த அம்மாள், புடவைக்குமேல் ஆம்பளைச் சட்டை போட்டுக்கொண்டு, கையெல்லாம் எண்ணெய்.

சீட்டு எழுதினார். மேசையில் மைக் திறந்திருக்கும்போது பக்கத்திலிருப்பவரிடம் கிசுகிசுத்தால் அது மண்டபம் முழுக்கக் கேட்கும், ஆகவே பேசுகிறவருக்கு ஏதாவது சொல்ல வேண்டுமானால் சீட்டுதான். 'ப. 41, எண்ணை வாசிக்காதே, ரகசியம்.' அவள் முழங்கைக்குப் பக்கத்தில் தள்ளினார். ஷெர்லின் தாளிலிருந்து கண்ணை எடுக்காமல், இடது கையால் சீட்டை எடுத்துத் தண்ணீர் டம்ளருக்கு அடியில் வைத்துவிட்டுத் தொடர்ந்தாள். டம்ளருக்கு அடியில் ஏற்கெனவே ஏழு சீட்டுகள் இருந்தன. எல்லாம் அவருடையவை. 'மெதுவாக.' 'சற்று உரக்க.' 'சற்று மெல்ல.' 'இந்த இடத்தில் என் பழைய வழக்கைச் சுட்டலாம்.' 'நிமிர்ந்து உட்காரவும்.' முதல் மூன்றையும் படித்துத் தலையாட்டினாள், நாலாவதிலிருந்து படிக்கவில்லை. அதில் மரியாதைக் குறைவு ஒன்றுமில்லை. மழைக்கு ஜன்னலைச் சாத்துவது மாதிரி. முப்பத்தொன்பது. இன்னொரு சீட்டு எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டுத் தள்ளினார். டம்ளர் தூக்கப்பட்டது, இறங்கியது. திவேதியைத் தட்டலாமா? தட்டினால் அவர், "க்யா ஹுவா?" என்று இந்தியில் விவரம் கேட்டுக் கத்துவார். நாற்பது. பேசுகிறவர்களின் குரல் நல்ல இடத்துக்கு வரும்போது கொஞ்சம் தாழும், அவளுடையது தாழ்ந்தது. வழக்கின் உயிரே நாற்பத்தொன்றில்தான் இருக்கிறது, அடக்க விலைக்கும் அவர்கள் விற்ற விலைக்கும் இடையே ஆலை எப்படி நசுங்கியது என்று காட்டுகிற இடம், மூன்று நடுவர்களும் பேனாவைக் கையில் எடுத்துவிட்டார்கள். குழுத் தலைவரின் நாற்காலிக்கு முன்னால் இருக்கிற பொத்தானுக்கு ஒரு தனி அதிகாரம் உண்டு. அதை அழுத்திப் பிடித்திருக்கிறவரை அந்த மேசையின் மற்ற மைக்குகள் தாமே அணைந்திருக்கும். இருபத்திரண்டு வருடத்தில் யாரும் யார்மேலும் அதை அழுத்திப் பார்த்ததில்லை. அழுத்தினால் என்ன நினைப்பார்கள் என்பது அவருக்கு நன்றாகத் தெரியும், ஏனென்றால் காலையிலிருந்து அவர் நினைத்துக்கொண்டிருப்பதையேதான் நினைப்பார்கள். கிழவனுக்குப் பொறுக்கவில்லை. அந்த ஒரு நினைப்பு உண்மையில்லாமல் போயிருந்த ஒரே நிமிஷத்தில், அது எல்லோர் கண்ணுக்கும் உண்மையாகத் தெரியப் போகிறது. "நாற்பத்தொன்று" என்று ஷெர்லின் தொடங்கினாள். சாரநாதன் அழுத்தினார்.

சிவப்பு விளக்கு அவள் பக்கம் அணைந்து இவர் பக்கம் எரிந்தது. அவள் உதடு இன்னும் இரண்டு சொல் சத்தமில்லாமல் அசைந்து நின்றது. அவள் திரும்பிப் பார்த்த பார்வையைச் சாரநாதன் வாங்கிக்கொள்ளாமல் தாளைப் பார்த்தார். லெம்பெர்க் பக்கத்து ஆளிடம் புருவத்தை உயர்த்திக் காட்டுவது மூக்குக்கண்ணாடியின் மேல் விளிம்பில் தெரிந்தது. "குழுத் தலைவர் ஏதாவது சொல்ல விரும்புகிறாரா?" என்று தலைமை நடுவர் கேட்டார். சொல்வதற்கு ஒரு வாக்கியம் இருந்தது: என் தவறால் இந்தப் பிரதியில் அடையாளங்கள் அழிந்துவிட்டன. பதினைந்து வினாடி ஆகும். அது தொண்டைவரை வந்து, பின்வரிசையைப் பார்த்து, திரும்பிப் போய்விட்டது. "இந்தப் பத்தியை நானே வாசிக்கிறேன்" என்றார். வாசித்தார். அந்த எண் வந்தது. "சான்று பதினான்கில் உள்ளபடி" என்று அதன்மேல் கால் படாமல் தாண்டினார். வேலப்பன் பிழைத்தார். இங்கே நிறுத்தி, பொத்தானை விட்டுவிட வேண்டும். ஆனால் நாற்பத்தொன்றின் கடைசி வாக்கியம் ஒன்று இருந்தது, அது வாயில் ஏறியதும் அவருக்கு உடம்பு சிலிர்த்தது. என்ன வாக்கியம். பளு முழுவதையும் வினைச்சொல்லுக்குக் கொண்டுபோய் ஒரே இடத்தில் இறக்குகிறாள். நேற்று கண்ணால் படித்தபோது அதில் தப்புத் தேடினார், நாக்கால் படிக்கும்போதுதான் ருசி தெரிகிறது. தலைமை நடுவர் தன் பக்கம் திரும்பியிருந்தார். முழுதாக. நாற்பத்திரண்டு, இது ஒன்று மட்டும் என்று சொல்லிக்கொண்டார். நாற்பத்திரண்டு அதைவிட நன்றாக இருந்தது. குரல் தானே தாழ்ந்தது, நடுவர்களின் பேனாக்கள் ஓடின, தன்னுடையது போலவே இருந்தது, கொஞ்ச நேரத்துக்குத் தன்னுடையதே. விரல் பொத்தானிலிருந்து வரவில்லை. நாற்பத்து மூன்று. சொற்கள் முன்னால் இழுக்க, வண்டி இறக்கத்தில் போகிற சுகத்தோடு அவர் போனார், ஆலையின் நிலை, மூலப்பொருள் விலை, அடக்கம் இரண்டாம் ஆண்டில், என்று வாய் திறந்தபோது வரிக்குக் குறுக்கே ஒரு விரல் வந்து படுத்தது. ஷெர்லினின் விரல். நகப்பூச்சு ஓரத்தில் உரிந்த, மை பட்ட ஆள்காட்டி விரல். அவள் அவரைப் பார்க்கவில்லை. நாற்பத்தொன்றில் அவர் எதைத் தாண்டினார் என்று பார்த்து, தன் வெள்ளைத் தாளைப் பார்த்து, மஞ்சளைப் பற்றியதெல்லாம் புரிந்துகொண்டு, இரண்டாவது எண் எங்கே வருகிறது என்று இவருக்கு முன்னே ஓடிப்போய்க் காத்திருந்திருக்கிறாள். நாற்பத்து மூன்றிலும் ஒரு எண் உண்டு என்பது அவருக்கு நினைவே இல்லை. விரலுக்கு அடியில் அது இருந்தது. "...சான்று பதினான்கில் உள்ளபடி" என்றார். விரல் ஒரு வினாடி இருந்துவிட்டு, அடுத்த வரியின் தொடக்கத்தைத் தொட்டுக் காட்டி, எடுக்கப்பட்டது. சீட்டில்லை, பொத்தானில்லை, ஒருவர் புருவமும் உயரவில்லை. இவ்வளவுதானே செய்ய வேண்டியிருந்தது. ஒரு விரலை வைத்திருந்தால் போதுமே, அது ஏன் எனக்குத் தோன்றவில்லை என்று, அவளுடைய அடுத்த வாக்கியத்தைத் தன் குரலில் வாசித்துக்கொண்டே, சாரநாதன் பொறாமையோடு நினைத்தார்.